தட்டில் வைக்காத தாலி

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட வேண்டும். இது இன்பநாதன் போட்ட சட்டம். வாட்ச், மோதிரம், வளையல், சாவிக்கொத்து, ஏன், சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேனாகூட. மராட்டிய மாநிலத்துக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்பு சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். வேலை விட்டுப் போனாலும், கேட்டில் நின்று ஆளைத் தடவிப் பார்க்கிற அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வண்டிப் படிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர். இத்தனை காவலுக்கும் ஏறி இறங்குகிற ஆள் யார் என்று பார்த்தால் ஒரே ஒருத்திதான், அவருடைய மனைவி ஜோஸ்பின்.

“தட்டே உலோகந்தானே?” என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

“அது வெளியிலதான இருக்கு?” என்றார் அவர். சட்டம் பேசுகிறவரிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா?

அந்த வண்டி முன்னாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன மினி பஸ். மஞ்சள் பெயின்ட் இன்னும் பாதி அப்படியே இருந்தது. ஜோஸ்பின் அதை வாங்கி வந்தபோது சர்ச் சபையில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சீட்டுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு கட்டில், நடுவில் ஒரு சின்ன அடுக்களை மேடை, மேலே இரண்டு ஃபேன் என்று எட்டு மாதத்தில் வண்டியை வீடாக்கியிருந்தாள். ஒயரிங் முழுக்க அவள் கைவேலை. போசரியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தருகிற பட்டறையில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் அவள். எந்த ஒயர் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்த மரியாதைக்காகவே பழைய முதலாளி, வியாழக்கிழமை லீவுகளில் பட்டறை வாசலையும் கருவிகளையும் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

இவ்வளவு பாடும் எதற்கு? கொங்கண் பக்கம் ஏதாவது ஒரு கடற்கரையில் வண்டியை நிறுத்தி, அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரி தூங்க வேண்டும். பக்கத்தில் இன்பநாதனும் தூங்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். சின்ன ஆசைதான், ஆனால் அவர் விஷயத்தில் மலையைப் புரட்டுகிற காரியம். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லிச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து மூக்கில் ஒரு மாஸ்க், மாஸ்க்கில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு மெஷின். அதற்கு விடிய விடியக் கரண்ட் வேண்டும். அதனால் தன் வீட்டுப் பிளக்கை விட்டு அவர் ஒரு ராத்திரிகூட நகர்ந்ததில்லை. பாணேரில் இருக்கிற மகள் ஹெலினா வீட்டுக்குப் போனாலும் சாயங்காலமே திரும்பிவிடுவார். “அங்க கரண்ட் போயிட்டா?” என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

சரி, பிளக்கையே கூடக் கொண்டுபோனால் என்ன என்று ஜோஸ்பின் யோசித்தாள். அப்படி வந்ததுதான் வண்டி. வண்டிக்காக வந்தவைதான் கட்டிலுக்கு அடியில் இரண்டு லித்தியம் பேட்டரிகள்.

லித்தியம் என்று கேட்டதுமே இன்பநாதன் கூடவே கூடாது என்றுவிட்டார். டி.வி.யில் ஸ்கூட்டர் பற்றி எரிவதைப் பார்த்தவர் அவர். இது அந்த ஜாதி இல்லை, சட்டென்று பற்றாது, உள்ளேயே ஒரு போர்டு காவல் இருக்கிறது, கோளாறு என்றால் அதுவே கரண்டை நிறுத்திவிடும் என்று அவளும் பொறுமையாகச் சொன்னாள்.

“காவலுக்கு நாய் கெடக்குன்னு கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவியா நீ?” என்றார் அவர்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஒயரிங் முடிந்ததும் அவர் உள்ளே வந்து பார்ப்பார். திருப்தி என்றால், தொழிற்சாலையில் செய்தமாதிரி கதவில் சாக்பீஸால் ஓ.கே. என்று எழுதுவார். எழுதினால் மறுநாளே கடல். எழுதாவிட்டால் வண்டி சுஷ்மாவுக்கு. சுஷ்மா பாணேரில் மிசல்பாவ் பலகாரக் கடை வைத்திருக்கிற மராட்டிக்காரி. கடையைச் சக்கரத்தில் ஏற்ற ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தவள், இந்த மஞ்சள் வண்டியைப் பார்த்த அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாக இன்பநாதன் அவளுக்கு வாக்கே கொடுத்துவிட்டார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

வியாழக்கிழமையும் வந்தது. பட்டறையில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜோஸ்பின் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தாள். இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸையும் ஒரு தடித்த கேபிளால் இணைத்து முடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து மைனஸ் பக்கம். அடுத்தது அதுதானே என்று அந்த முனையின் ரப்பர் மூடியையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். வேலை ஓடுகிற வேகத்தில் எல்லாரும் செய்கிற தப்புதான் அது.

“ஜோஸ்பின்.” பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. கத்தவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. “அசையாத. அப்படியே இரி.”

அவள் அசையவில்லை. அவருடைய விரல் ஒன்று அவள் தோளுக்கு மேலாக நீண்டு, கீழே போய், எதையோ மெதுவாகத் தூக்கியது. அவளுடைய தாலிச் செயின். தட்டுக்குத் தப்ப ரவிக்கைக்குள் செருகியிருந்தது, குனிந்த குனிவில் நழுவி வெளியே வந்து, திறந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் இரண்டையும் தொட்டிருக்கும்.

ஜோஸ்பின் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் குறுக்கே ஒரு உலோகம் விழுந்தால் அந்த நொடியே வெல்டிங் வைத்தமாதிரி ஆகிவிடும். கழுத்தில் கிடக்கிற தங்கம் பழுக்கக் காய்ந்துவிடும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“கழட்டித் தட்டுல வை. பெறவு வேல பாக்கலாம்” என்றார் இன்பநாதன்.

“மாட்டேன்.”

“டேப் ஒட்டிக்கிடுதேன், காலர் வச்ச சட்டையப் போட்டுக் கழுத்து வரைக்கும் பொத்தான் மாட்டிக்கிடுதேன்னு எதாவது கத சொல்லாத. ஜெபமணிக்கு மோதிரம் கையுறைக்கு உள்ளதான் கெடந்துச்சு.”

ஜெபமணி அவருடைய பழைய சிநேகிதர். தொழிற்சாலை லாரியின் பேட்டரியைக் கழற்றப் போனபோது கல்யாண மோதிரம் இரண்டு முனைக்கும் பாலம் போட்டுவிட்டது. இன்றைக்கும் சபையில் அவர் ஆர்மோனியம் வாசித்தால் ஒரு விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். அது ஜோஸ்பினுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கழற்றக் கை வரவில்லை.

பித்தப்பை ஆபரேஷனின்போது நர்ஸ்களோடு சண்டை போட்டு, தாலியின்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தியேட்டருக்குள் போனவள் அவள். மூடநம்பிக்கை கூடாது என்று வாராவாரம் பிரசங்கமும் கேட்கிறவள். கேட்கிறது வேறு, கழற்றுகிறது வேறு.

“இதென்ன பிடிவாதம் ஒனக்கு? நான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுங்கிற!” அவருக்குக் கோபம் ஏறியது. “சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டம். வெறுந் தங்கம், அத ஒரு மணி நேரம் கழட்டி வச்சா என்ன ஆயிரும்?”

“என்ன ஆகும்னு ஒங்களுக்கு எங்க தெரியும்? நீங்க தூங்கிருவிய.” ஜோஸ்பின் செயினைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். “டாக்டர் சொன்ன நாள்லேருந்து ராத்திரி இதப் பிடிச்சிக்கிட்டுதான் படுக்கேன். மெஷினு ஓடினாலும் ஒங்க மூச்சு வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே கெடக்கேன். இதக் கழட்டித் தட்டுல, சாவிக்கொத்தோட போடச் சொல்லுதிய. எங்கையால செய்ய மாட்டேன். வண்டிய வேணும்னா சுஷ்மாவுக்கே குடுத்துருங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்பநாதன் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஸ்டூலின் காலைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தில் இதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் கிடையாது. பிறகு படிக்குப் பக்கத்தில் வந்து, அவள்முன் குனிந்து, கழுத்தை நீட்டினார்.

“அப்போ தட்டுல வைக்காண்டாம். எங்கழுத்துல போடு.”

“என்னது?”

“கட்டுன கழுத்துல இல்லன்னா கட்டுனவன் கழுத்துல கெடக்கட்டும். கீழ எறங்கலைல்லா? வேல முடியுற மட்டும் நான் உசுரோடதான் இருப்பேன், பயப்படாத.”

அழுகிறதா சிரிக்கிறதா என்று ஜோஸ்பினுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தாள். செயினைத் தலைவழியாக எடுத்து அவர் தலைவழியாகப் போட்டாள். சிலுவை பொறித்த தாலி அவருடைய நரைத்த நெஞ்சு முடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் மறுபடி காவலுக்கு நின்றார். கம்பீரம் ஒரு மாற்றுக் குறைந்துதான் இருந்தது.

ஜோஸ்பின் மறுபடி கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். இம்முறை ஒரு முனையில் வேலை என்றால் மறுமுனைக்கு மூடி போட்டாள். பிளஸ்ஸிலிருந்து கிளம்புகிற கேபிள் முதலில் ஃப்யூஸில்தான் ஏற வேண்டும், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. தள்ளி வைத்தால் நடுவில் கிடக்கிற ஒயருக்கு நாதி கிடையாது. ஃப்யூஸை மட்டும் கடைசியில் மாட்டலாம் என்று எடுத்து ஓரமாக வைத்தாள். இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கேபிள் போகிற இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முனையையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பேட்டரியை இறுக்கிய பட்டைகளும் அப்படியே நின்றன.

கழுத்து வெறுமையாக இருந்தது என்னவோ செய்தது. ஆனால் வெளியே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் தைரியமாக இருந்தது.

நாலு மணிக்கு வருகிறேன் என்ற சுஷ்மா மூன்றுக்கே வந்து நின்றாள். ஆசைக்காரிக்குக் கடிகாரம் முன்னால்தானே ஓடும். பேச்சுச் சத்தம் கேட்டு ஜோஸ்பின் கையை நிறுத்தினாள். வெயில் தாங்காமல் இன்பநாதன் எப்போதோ பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார் போலிருக்கிறது.

“அரே பாப்ரே! அங்கிள், இது ஆன்ட்டியோட மங்களசூத்ரம் இல்லையா?” சுஷ்மாவின் இந்தி பட்டறை முழுக்க எதிரொலித்தது.

இன்பநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாதி இந்தியும் பாதி மராட்டியுமாக விளக்கம் சொன்னார். உள்ளே ஆபத்தான வேலை நடக்கிறது, உலோகம் ஆகாது, அதனால் இது தற்காலிக ஏற்பாடு என்றார். சுஷ்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தன் வீட்டுக்காரர் கடையில் ஒரு எண்ணெய்ச் சட்டியைக்கூடத் தூக்கிப் பிடிக்க மாட்டார் என்றாள். அந்தப் பாராட்டில் இன்பநாதனுக்கு ஊக்கம் வந்துவிட்டது. ஒயரிங் எப்படி என்று அவள் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். என் பெண்டாட்டி ஒயர் முனையில் லக் வளையத்தை அடித்தால் யானை கட்டி இழுத்தாலும் வராது, பேட்டரி விற்றவன் எஞ்சின் பேட்டரியோடு நேரே இணைக்கச் சொன்னான், இவள் எஞ்சினில் கரண்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும் என்று சொல்லி நடுவில் தனியாக ஒரு சார்ஜரைப் போட்டாள், போசரியில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரே புராணம்.

“அப்படியென்றால் வண்டி எனக்குக் கண்டிப்பாக வேண்டும், அங்கிள்!” என்றாள் சுஷ்மா.

கட்டிலுக்கு அடியில் ஜோஸ்பின் தலையில் அடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே ஒரு நாளும் பாராட்டாத மனுஷன், இன்றைக்குப் பார்த்தா வாயைத் திறக்க வேண்டும்? பாராட்டியே வண்டியை விற்றுவிடுவார் போலிருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு அவள் காதில் தேனாகத்தான் விழுந்தது. அதை மறைப்பானேன்?

கடைசி வேலை இன்வெர்ட்டர். அதை நேரே இணைத்தால் முதல் தொடுகையில் பட்டென்று பொறி பறக்கும். பொறியைக் கண்டால் அவர் சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார். அதற்கென்றே ஜோஸ்பின் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து வைத்திருந்தாள். ஃப்யூஸை மாட்டி, பல்பை நடுவில் வைத்துத் தொட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, அணைந்தது. இன்வெர்ட்டர் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கேபிளை அதன் இடத்தில் வைத்து முடுக்கினாள். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. எல்லா மூடிகளையும் போட்டுவிட்டு எழுந்து சுவிட்சைத் தட்டினாள். விளக்குகள் எரிந்தன. ஃபேன் சுற்றியது.

“முடிஞ்சிட்டு! வந்து பாருங்க!” என்று கூப்பிட்டாள்.

இன்பநாதன் சாக்பீஸைக் கையில் எடுத்தார். நிமிர்ந்தார். தொழிற்சாலை நடையில் வந்து முதல் படியில் கால் வைத்தார்.

“நில்லுங்க!” ஜோஸ்பின் வாசலை மறித்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“என்னட்டி?”

“கழுத்துல என்ன?”

அவர் குனிந்து பார்த்தார். நெஞ்சில் தங்கம் மினுங்கியது. வேலை பார்த்த காலமெல்லாம் ஆயிரம் பேரை நிறுத்திச் சோதனை போட்ட மனுஷன், கழுத்தில் ஒரு முழச் செயினோடு பேட்டரியைப் பார்க்க ஏறிக்கொண்டிருக்கிறார்! ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். சுஷ்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் நடந்தது முழுக்கப் புரிந்துபோய், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மூடியெல்லாம் போட்டாச்சில்லா…” என்று அவர் இழுத்தார்.

“சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டம்.”

ஜோஸ்பின் அவரைப் படியிலேயே நிறுத்தி, அவருடைய பாணியிலேயே தோளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தாள். பையிலிருந்து சில்லறை வந்தது, ஒரு சாவியும் வந்தது. இரண்டும் தட்டுக்குப் போயின. செயினை மட்டும் அவள் தொடவில்லை. கீழே இறங்கி வந்து, அவர்முன் தலையைக் குனிந்து நின்றாள்.

இன்பநாதன் செயினைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். முதல் தடவை சபைப் பாட்டு இருந்தது, பந்தல் இருந்தது, நூற்றுக்கணக்கில் ஜனம் இருந்தது. இந்தத் தடவை ஒரு மிசல்பாவ்க்காரி மட்டும் கை தட்டினாள். அவர் விரல் அவள் பின்கழுத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஜோஸ்பினுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், கேபிளை இழுத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. ஆனாலும் சாக்பீஸ் கதவுப் பக்கம் போகவில்லை. கட்டிலின்மேல் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். ஜோஸ்பினுக்குப் புரிந்தது. பயம் பேட்டரியைப் பற்றி மட்டும் இல்லை.

“எல்லாஞ் சரியாத்தான் இருக்கு. ஆனா மெஷினு…” என்றார். “ஒரு டெஸ்ட் பாத்துருவோமா?”

அவள் தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறி, பையிலிருந்து மூச்சு மெஷினை எடுத்து மேடைப் பிளக்கில் செருகினாள். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் படுத்தார். “பத்து நிமிசம் ஓடட்டும். நான் முழிச்சிக்கிட்டுக் கவனிக்கேன்” என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து. மெஷின் மெல்ல மூச்சு விட்டது. மேலே ஃபேன் சுற்றியது. திறந்த பின்கதவு வழியாகக் காற்று வந்தது.

பத்து நிமிஷமெல்லாம் ஆகவில்லை. அவர் தூங்கிவிட்டார்.

தன் வீட்டுச் சுவர்ப் பிளக்கைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாத மனுஷன், எந்தப் பேட்டரியைக் கண்டு பயந்தாரோ அதற்கு மேலேயே, போசரி வெயிலில், குழந்தைபோலத் தூங்கினார். விரல் தளர்ந்து சாக்பீஸ் உருண்டு கீழே விழுந்தது.

சுஷ்மா படியில் ஏறி எட்டிப் பார்த்தாள். ஏறுவதற்கு முன்னால் யாரும் சொல்லாமலே வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்திருந்தாள். “ஆன்ட்டி, முடிவு என்ன?” என்று கிசுகிசுத்தாள்.

ஜோஸ்பின் உதட்டில் விரலை வைத்து, கட்டிலைக் காட்டினாள். சுஷ்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள், சிரித்தாள். “சரி. எனக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒயரிங் நீங்கள்தான் செய்து தர வேண்டும்” என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டு வளையல்களைப் போட்டுக்கொண்டு போனாள்.

ஜோஸ்பின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கை தாலியைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தாள். வந்தது. மறுபடி வந்தது. ஒரே சீராக, தடையில்லாமல், அவள் தன் கையால் முடுக்கிய கேபிள்களின் வழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கை தானாகத் தாலியை விட்டுவிட்டது.

அவள் குனிந்து சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கதவில் ஓ.கே. என்று பெரிதாக எழுதினாள். பிறகு திரும்பி வந்து, அவருக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் தானும் படுத்துக்கொண்டாள்.